திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போகிறவர்

இந்த மாதம் எங்கள் சபையில் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் காய்ச்சும் முறை என்னுடையது. கறுப்புத் திராட்சையைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சர்க்கரை போட்டு, சின்னத் தீயில் வைத்து, பழம் உடைந்து நிறம் விடும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். போன முறை நிற்காமல் போனில் பேசப் போய்விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையார் அத்தனை பேரும் அடிப்பிடித்த திருவிருந்தைப் பயபக்தியோடு வாங்கிக் குடித்தார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கிறது. வெளியே வரும்போது ஐயர் மட்டும், "இந்த வாட்டி ரசத்துல கொஞ்சம் பொகை வாசனை வந்துச்சேம்மா" என்றார்.

ஐயர் என்றதும் நீங்கள் வேறு யாரையோ நினைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் போதகரை அப்படித்தான் சொல்வோம். காஞ்சிபுரம் மாதிரி கோயில் ஊரில் இந்தப் பழக்கம் கொஞ்சம் விபரீதமானது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள், "நேத்து எங்க வீட்டுக்கு ஐயர் வந்து கறிக்கொழம்பு சாப்ட்டாரு" என்று பெருமையாகச் சொல்லி, பக்கத்து பெஞ்சுத் தோழி அன்றைக்கு முழுக்க என்னோடு பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது.

இந்த முறை ஒழுங்காக அடுப்பு முன்னாலேயே நின்றேன். திராட்சை கொதிக்கிற வாசனை பொல்லாதது. இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. சமையலறையை நிறைத்து, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "ஜாம் பண்றியாமா?" என்று கேள்வியாகத் திரும்பி வந்தது. என்னை அது இழுத்துக்கொண்டு போன இடம் எங்கள் பழைய சர்ச்சின் கடைசி பெஞ்சு. அங்கேதான் அப்பா உட்காருவார். திருவிருந்துக்கு முன்னால் பாடும் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து, யாரையும் பார்க்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். எல்லாம் முடிந்து நாங்கள் வரும்வரை காம்பவுண்டில் புங்கமரத்தடியில் நிற்பார். வருஷக்கணக்கில் அப்படி நின்றார்.

அதற்கு முன்னால் அவர் அப்படி இல்லை. கட்டைக்குரலில் ஊருக்கே கேட்கும்படி பாடுவார். ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து கூரம் பக்கம் போகிற டவுன் பஸ். டிக்கெட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அவருக்கு உறவு மாதிரி. யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மகள் ஏனாத்தூர் காலேஜில் சேர்ந்தாள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

நான் டிப்ளமா முடிக்கிற வருஷம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கால்வாய்க் கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறிய ஒரு சைக்கிள் அவருடைய பஸ்ஸில் அடிபட்டது. பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்த பையன். தேவராஜ் என்று பெயர். கல்யாணமாகாதவன். அப்பா இல்லை, அக்காவைத் திருமுக்கூடல் பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருந்த கொஞ்சம் நிலத்தை அம்மாவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். "ஓடிடுண்ணே, ஊரு வந்துக்கினு இருக்குது" என்று கண்டக்டர் கத்தியிருக்கிறார். அப்பா ஓடவில்லை. ரோட்டில் உட்கார்ந்து, உயிர் போகும்வரை அந்தப் பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஊர் வந்து அவரை அடித்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

கேஸ் நடந்தது. வண்டி மெதுவாகத்தான் வந்தது, சைக்கிள்தான் திடீரென்று ஏறியது என்று சாட்சிகள் சொன்னார்கள். கோர்ட் அவரை விட்டுவிட்டது. அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினாள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கோர்ட்டுக்குத் தெரியாது. நான் அந்த நேரம் ரோட்டப் பாக்கல. பின்னாடி சீட்டுல ரெண்டு பேரு சண்ட போட்டுக்கினு இருந்தானுங்க. கண்ணாடியில அவனுங்களப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு கண்ண மூடித் தெறக்கற நேரம்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "இத இன்னொரு தபா சொல்லாத" என்றாள்.

அதோடு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் பிரசங்கம் செய்கிற மனுஷன், உப்பே போடாமல் வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அம்மா வேண்டுமென்றே ஒருநாள் அப்படி வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள்.

அந்த வருஷம் தவக்காலத்தில் அப்போதிருந்த ஐயர் ஒரு பிரசங்கம் செய்தார். மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டே செத்துப்போயிருக்க முடியும் என்றார். நடப்பான், சாப்பிடுவான், வேலைக்குப் போவான், ஆனால் உள்ளே இருக்கிறவனுக்கு உயிர் இருக்காது, பாவம் செய்கிற வேலை அதுதான் என்றார். ஆவிக்குரிய மரணம் என்ற வார்த்தையை ஞாயிறு பள்ளியில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள் நான். அன்றைக்குத்தான் அது எங்கள் வீட்டில் இருக்கிறது என்று புரிந்தது. திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேறு பாஷைகளில் எப்படியோ எனக்குத் தெரியாது. நமக்கு, ஒருத்தன் செய்ததற்கும் அவனைப் பார்த்து நாம் இரங்குவதற்கும் ஒரே வார்த்தைதான். சர்ச்சுக்குள் பாவம் என்றால் தலை தானாகக் குனியும். வெளியே தெருவில், "ஐயோ பாவம், நல்ல டிரைவரு" என்பார்கள். இரண்டையும் ஒரே காலையில் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

ஐயர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அம்மா தறிக்காரர்களுக்குப் பட்டுநூலை ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுடைய மனசு எப்படி இருக்கிறது என்பதை ராட்டையின் வேகத்தில் தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு ராட்டை மெதுவாகச் சுற்றியது. காது முழுக்க இந்தப் பக்கம்தான்.

"நீ இன்னாத்துக்குப்பா எழுந்து போற? அவரு சிலுவையில எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. நீ அதுக்கு மேல சேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கைய நீட்டி வாங்கிக்கறதுதான் உன் வேல" என்றார் ஐயர்.

"அது ஆண்டவருக்கும் எனக்கும் முடிஞ்சிது ஐயா" என்றார் அப்பா. "அந்தப் பையனோட அம்மாவுக்கு யாரு முடிச்சாங்க?"

ராட்டை நின்றுவிட்டது. ஐயர் நல்ல மனுஷர். உடனே வசனம் எதுவும் எடுத்து வீசவில்லை. "தெரியலப்பா" என்றார். ஜெபம் செய்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அப்பா, "கூரம் பக்கம் போய்ட்டு வரேன். அந்தம்மா நெலத்துல வரப்பு வெட்ட ஆளில்லையாம்" என்றார்.

அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "உங்க அப்பாரு அந்தச் சேத்துலருந்து கால எடுக்கறதுக்கு இன்னா பாடு பட்டாரு! புள்ள வண்டி ஓட்டணும்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு. நீ தேடிக்கினு போய் எறங்குவியா? அதுவும் அவங்க நெலத்துல?" அதற்கு அர்த்தம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் முன்னோர் யாருக்கும் ஒரு காணி இருந்ததில்லை. பிறத்தியார் நிலத்தில்தான் உழைத்தார்கள். களத்துமேட்டில் தள்ளி நின்று கையேந்தித்தான் கஞ்சி வாங்கினார்கள். அதிலிருந்து ஒருவர் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை.

"அவங்க கூப்படல. நானாத்தான் போறேன்" என்றார் அப்பா.

வண்டி தொடமாட்டார், பஸ்ஸில் அந்த ரூட்டில் ஏறவும் மாட்டார். எனவே நான் கடனே என்று மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலைக்குப் போகும் முன் விடிகாலையில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். நான் பிரேக் போடுவதற்கு முன் அவர் கால் தரையைத் தேய்க்கும். வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். "கியரே இல்லாத வண்டிய இப்படி ஓட்றியேம்மா" என்று ஒருமுறை சொன்னார். நெடுநாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் கிண்டல் அது. எனக்குச் சந்தோஷத்தில் கைப்பிடி ஆடியது.

முதல் நாள் தேவராஜின் அம்மாவைப் பார்த்தேன். வேதவல்லியம்மா. ஒல்லியாக, உயரமாக, முந்தானையைச் செருகிக்கொண்டு வயலுக்குள் நின்றாள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"வரப்பு வெட்ட ஆளு வேணும்னு சொன்னாங்க."

அவள் ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள். யாரென்று தெரியும். கோர்ட் வராந்தாவில் எத்தனையோ நாள் பார்த்த முகம்தானே. அடிக்க ஆள் கூப்பிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். மொபெட்டை அணைக்கவே இல்லை.

"மம்முட்டி புடிக்கத் தெரியுமா உனக்கு?"

"எங்க அப்பாரு புடிச்சதுதாம்மா."

"எறங்கு" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப்பின் நடவு, களையெடுப்பு, அறுவடை என்று எப்போதெல்லாம் ஆள் தேவைப்பட்டதோ அப்போதெல்லாம் அவர் போனார். மண்டபத்தில் முறை மாற்றிக்கொண்டு போவார். கூலி வாங்கமாட்டார். மத்தியானம் அவள் சோறும் குழம்பும் கொண்டுவந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் இலையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். இருவரும் பேசிக்கொள்வது தண்ணீர் வந்துவிட்டதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்பதோடு சரி. பையன் பேரை இருவருமே எடுத்ததில்லை. வீட்டில் அம்மாவின் ராட்டை நாளெல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சர்ச்சில் அப்பா எழுந்து போவதும் நிற்கவில்லை.

ஒரு தை மாதம், அறுவடை சமயம், எனக்கு லீவு நாள். வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அங்கேயே தங்கிவிட்டேன். கதிர் அறுத்துக் கட்டி வைத்தாயிற்று. வழக்கம்போல் வேதவல்லியம்மா இலையை வைத்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு அப்பா உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கோர்ட்ல நான் சொல்லல. அன்னிக்கு நான் ரோட்டப் பாக்கல. கண்ணாடியப் பாத்துக்கினு இருந்தேன். பாத்திருந்தா பிரேக்கு புடிச்சிருப்பேன்."

அவள் திரும்பாமல் நின்றாள். "இன்னா சொன்ன?" என்றாள். அப்பா மறுபடியும் சொன்னார், அதே வார்த்தைகளை, அதே குரலில். அவள் குனிந்து, வைத்த இலையைச் சோற்றோடு எடுத்து மாட்டுக்கு வைத்தாள். பிறகு, "போங்க. ரெண்டு பேரும் போங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா ஹாரன் அடிக்கவில்லை, காலைத் தேய்க்கவில்லை. பின்னால் ஆள் இருக்கிறாரா என்று நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேஸைத் திரும்ப எடுப்பார்களோ, ஊரைக் கூட்டிக்கொண்டு வருவார்களோ என்று தெருவில் புது மொபெட் சத்தம் கேட்டாலும் எட்டிப்பார்ப்பாள். தவக்காலம் ஆரம்பித்தது. கூரத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அப்பா மட்டும் பயப்படவில்லை. தண்டனை வந்தால் நல்லது என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு ஊரே திரண்டிருந்த நாள். மத்தியானம் எங்கள் வாசலில் நிழல் விழுந்தது. வேதவல்லியம்மா, தனியாக, கோயில் பிரசாதப் பையோடு. எங்கள் தெரு எங்கே இருக்கிறதென்று விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறாள். அவர்கள் ஊரிலிருந்து பெண்கள் யாரும் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவும் திறந்துகொண்டன. அப்பா எழுந்து சுவரோரமாக நின்றார். அம்மா ராட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

வந்தவள் உட்காரவில்லை. நேராக அப்பாவிடம் பேசினாள்.

"அன்னிக்கு அவன் ஜொரம்னு படுத்துக்கினு இருந்தான்பா. மாட்டுக்குப் புல்லு இல்லன்னு நான்தான் எழுப்பி வெரட்டினேன். சோம்பேறின்னு திட்டினேன். அதான் அவன் என்கிட்ட கேட்டுக்கினு போன கடசிப் பேச்சு. யார்கிட்டயும் சொல்லல, என் பொண்ணுகிட்ட கூட. எத்தினி கோயிலு, எத்தினி பரிகாரம்! மனசு பாரம் எறங்கவே இல்ல. நீ வந்து உன்னுதுன்ற. அது உன்னுது இல்ல. என் பாவம்."

"இல்லம்மா. என்னுதுதான்."

"நான் அனுப்பலன்னா அவன் ரோட்டுக்கே வந்திருக்கமாட்டான்."

"வந்தா இன்னா? நான் பாத்திருந்தா நின்னிருப்பேன்."

நீங்கள் நம்ப வேண்டும், இரண்டு பேரும் சண்டைதான் போட்டார்கள். குரல் உயர்ந்தது. வேலித் தகராறு மாதிரி, என்னுது என்னுது என்று. ஒருத்தர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பாவும் அழுதார். அந்தப் பையன் செத்ததிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா எழுந்தாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. சோறு ஆறுது" என்றாள். அவளுக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பாவம்.

வேதவல்லியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் போடும்மா" என்றாள்.

அம்மா திகைத்துப்போய் நின்றாள். எங்கள் வீட்டில் தண்ணீர்கூட அவர்கள் வாங்கிக் குடித்ததில்லையே. "இன்னிக்கு கருவாட்டுக் கொழம்பு... நீங்க கோயிலுக்கு வந்த நாளு" என்று இழுத்தாள்.

"மோரு இருந்தா ஊத்து" என்றபடியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையைத் தட்டி, "நீயும் உக்காருப்பா, இன்னும் இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். ஒரே வரிசையில் இருவரும் சாப்பிட்டார்கள். அவளுக்கு மோர்ச் சோறும் ஊறுகாயும். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "கொழம்புல உப்பு தூக்கலா இருக்குது" என்றார். அம்மா சமையலறைக்குள் ஓடிப்போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

போகும்போது வேதவல்லியம்மா, "இனிமே வேலைக்கு வராத. வரணும்னு தோணிச்சுனா சும்மா வா. இந்தப் பொண்ணையும் கூட்டிக்கினு வா" என்றாள். மன்னித்தேன் என்ற வார்த்தையை அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அந்த ஈஸ்டர் அன்று பாட்டு ஆரம்பித்ததும் நான் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன், அவர் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாமே என்று. திறந்தபோது அவர் முன்னால் போகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஐயர் கிண்ணத்தோடு முன்னால் வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆராதனை முடிந்து வாசலில் ஐயர் கேட்டார், "நீ அன்னிக்குக் கேட்டியே, அதுக்குப் பதில் கெடச்சிதாப்பா?"

"அந்தம்மா எங்க வீட்ல வந்து சாப்ட்டாங்க ஐயா" என்றார் அப்பா.

பாவநிவாரணம் பற்றி அதற்குப்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். பலி என்றும் மீட்பு என்றும் ஒப்புரவு என்றும் படித்தவர்கள் நன்றாகவே விளக்குகிறார்கள். எல்லாவற்றையும் நம்புகிறேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மனசில் முதலில் வருவது, வெயிலில் நடந்து வந்து தரையில் உட்கார்ந்து மோர் கேட்ட ஒரு இந்துப் பெண்மணிதான். சிலுவையில் முடிந்தது எங்கள் வீட்டுக்கு வந்து சேர அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது போல. இது சரியான உபதேசமா என்று ஐயரைக் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அப்பா கடைசிவரை ஸ்டியரிங் பிடிக்கவில்லை. மழைத் தூறல் என்றால் வீட்டுக்குள்ளேயே இருப்பார். ஆனால் பாட ஆரம்பித்தார், அதே தப்பான ராகத்தில். பொங்கலுக்கு அங்கிருந்து புது அரிசி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். என் கல்யாணத்துக்கு வேதவல்லியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, சர்ச்சில் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

இப்போது அந்த நிலம் மனைகளாகிவிட்டது. மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். வேதவல்லியம்மா உடம்பு முடியாமல் போய் மகள் வீட்டிலேயே இறந்தாள். அப்பா அதற்கு முந்தின வருஷம் போய்விட்டார். அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, யார் பெயரைச் சொன்னாலும் சிரிக்கிறாள். கேஸ் கட்டு எந்த அறையில் மக்கிக் கிடக்கிறதோ. அந்த ஊரில் விசாரித்தாலும் விபத்தைப் பற்றிச் சொல்ல இன்றைக்கு ஆளில்லை. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு நடுவில் இரண்டு பேர் என்னுது என்னுது என்று விடாமல் பிடித்து இழுத்தார்களே, அந்தப் பாவத்தை இப்போது தன்னுடையது என்று சொல்ல உலகத்தில் ஒருத்தரும் இல்லை. போனவற்றில் அதுவும் போய்விட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை. நன்றியோடு கைகூப்பத்தான் தோன்றுகிறது.